புடலைக்கு வேறு கணக்கு

பாசிர் கூடாங்கில் அந்தத் தாமான் குடியிருப்பில் யாருக்காவது வெண்டை விதை போட வேண்டுமென்றால் முதலில் ஐலீனிடம் நாள் கேட்பார்கள். கேட்காமல் போட்டவர்களும் உண்டு. அவர்களுடைய செடி நன்றாக வந்துவிட்டால் ஐலீன் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள். வராமல் போனால் வேலியோரம் போய் நின்று, "எப்ப போட்டீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். கேட்கிற தோரணையிலேயே எதிராளிக்கு முகம் சுண்டிப்போகும்.

அறுபதைத் தொட்ட பொம்பளை. நெற்றியில் எப்போதும் ஒரு சுளிப்பு, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் கத்தரி. செடெனாக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள்தான். ஆனாலும் நிலாவைப் பார்க்கிற பழக்கம் அங்கிருந்து வந்ததில்லை. இருபது வயதில் பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தாள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி ஓடியதில் இன்றைக்கு என்ன கிழமை என்பதே மறந்துபோகும். வேலை முடிந்து விடிகாலை பஸ்ஸில் கண் எரிய உட்கார்ந்திருக்கும்போது ஜன்னலில் நிலா தெரியும். நேற்றைக்கு இன்று பருத்திருக்கிறதா, இளைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வருவாள். அதுதான் அவளுக்கு நாட்காட்டி. வீட்டுக்குப் பின்னால், பெரிய லோங்காங் சாக்கடைக்கும் கம்பி வேலிக்கும் நடுவில், யாருடையது என்று யாரும் கேட்காத ஒரு நீளத் துண்டு நிலம் கிடந்தது. வரிசை வீட்டுக்காரர்கள் அவரவர் முதுகுப் பக்கத்தை அவரவர் கொத்திக்கொண்டார்கள். ஐலீன் தன் பங்கை நிலாவைப் பார்த்துக் கொத்தினாள்.

அவளுடைய சட்டம் சுருக்கமானது. மேலே காய்ப்பதெல்லாம் வளர்பிறையில். மண்ணுக்குள் விளைவதெல்லாம் தேய்பிறையில். நிலா இல்லாத இருட்டு நாட்களில் விதையைக் கையால் தொடக்கூடாது. களை பிடுங்கலாம், வேலி கட்டலாம், வாயை மூடிக்கொண்டு சும்மாவும் இருக்கலாம். புருஷன் ரபேலுக்கு முடி வெட்டுவதற்குக்கூட வளர்பிறையில்தான் அனுமதி. அப்படி வெட்டினால் அடர்த்தியாக வளருமாம். ரபேலின் தலை பளபளவென்று ஆகி வருஷக்கணக்காகிறது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

ஒருமுறை கோயிலில் ஃபாதர் பிரசங்கத்தில் நாளும் கோளும் பார்ப்பவர்களைக் ஒரு பிடி பிடித்துவிட்டார். பூசை முடிந்ததும் வாசலிலேயே ஐலீன் அவரை மடக்கினாள்.

"ஃபாதர், ஈஸ்டர் எந்தத் தேதியில வரும்னு யாரு முடிவு பண்றா? நிலாதானே?"

"அது வேற, ஐலீன்."

"என்ன வேற ஃபாதர்? புனித வாரம்னா வானத்துல முழு நிலா இருக்குதா இல்லியா? நான் அந்த வாரம்தான் புடல விதை போடுறேன். ஆண்டவருக்கு ஆகுற நாளு புடலங்காய்க்கு ஆகாதா?"

ஃபாதர் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து கோயிலிலும் ஐலீனுக்கு ஒரு மரியாதை. அதைவிடப் பெரிய மரியாதை ஜூன் மாதம் அந்தோணியார் திருநாளன்று கிடைக்கும். அன்றைய சாப்பாட்டுக் கூட்டுக்கு அவள் வீட்டுப் புடலங்காய்தான். சமையல்கட்டுக்குத் தலைவி கிறிஸ்டின், அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஐலீன் புடலங்காய் வந்துருச்சா?" என்று ஒரு குரல் கொடுப்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஐலீன் வருஷம் முழுக்க உயிர் வாழ்ந்தாள் என்று சொன்னால் அது மிகையில்லை. ஒரே மகன் ஜோனதன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். ரபேல் எதையும் பாராட்டுகிற ஜாதி இல்லை. ஊரில் தன் பேரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட வைப்பது இந்தப் புடலங்காய் ஒன்றுதான் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

இந்த நிலையில்தான் மூலை வீட்டுக்கு ஆப்ரின் குடிவந்தாள்.

கடைத்தெருவில் ரெஸ்டோரன்ட் வைத்திருக்கும் ஷாநவாஸின் மனைவி. முப்பது வயதிருக்கும். வந்த மூன்றாம் மாதமே பின்பக்கம் பாத்தி கட்டினாள். மூலை வீடு என்பதால் நிலம் அகலம். காலையிலிருந்து மாலைவரை வெயில். அது போதாதென்று கடையிலிருந்து குப்பைத் தோம்பு தோம்பாக வெங்காயத் தோல், முட்டை ஓடு, வடிகட்டிய தேத்தூள் எல்லாம் வந்து இறங்கியது. அவள் நாளும் பார்க்கவில்லை, நிலாவும் பார்க்கவில்லை. போட்டதெல்லாம் முளைத்தது. முளைத்ததெல்லாம் காய்த்தது. கத்தரிக்காய் பளபளத்தது, பாகல் கொடி கம்பியைத் தாண்டி லோங்காங் பக்கம் எட்டிப்பார்த்தது. ஐலீனுக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். ஆனால் அது பொறாமைதான். அதற்கு வேறு பேர் கிடையாது.

பொறுக்கமுடியாமல் ஒருநாள் வேலியோரம் போய்க் கேட்டும் விட்டாள்.

"என்ன நாள் பாத்துப் போட்ட, ஆப்ரின்?"

"திங்கக்கெழம, ஆன்ட்டி. அன்னைக்குத்தான் கடை லீவு" என்று ஆப்ரின் சிரித்தாள்.

கடை லீவு! முழுதாக ஒரு ஆயுளைச் செலவழித்து நிலாவைப் படித்தவளுக்கு இந்தப் பதிலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எல்லாம் சத்தம் போட்டுக் கழுவினாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் ரபேல் பாகற்காய் பொரியலை இரண்டாம் தரம் போட்டுக்கொண்டார். "நல்லாருக்கே. கசப்பே தெரியல. நம்ம காயா?"

"மூலை வீட்டுல குடுத்தாங்க."

"அதானே பார்த்தேன்" என்றார் ரபேல்.

மனுஷர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஐலீன் அவரிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்ன குற்றம் செய்தோம் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவும் இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாக வரிசை வீடுகள் மூலைப் பக்கம் சாய்ந்தன. எதிர்வீட்டுப் புஷ்பவள்ளி, எத்தனையோ வருஷமாக ஐலீனிடம் நாள் கேட்டு வாங்கியவள், ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஆப்ரின் வீட்டுக்குத் தேத்தூள் வாங்கப் போனாள். போனவள் ஐலீன் வாசல் வழியாகவா போக வேண்டும்? போதாக்குறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்டினே வந்து, "உங்க வரிசையில ஒரு முஸ்லிம் பொண்ணு அருமையா தோட்டம் போடுறாளாமே, ஐலீன்?" என்று கேட்டாள். "ஆமா, போடுறா" என்றாள் ஐலீன். சொல்லிவிட்டு அடுத்த கேள்வி வருமுன் காரில் ஏறிக்கொண்டாள்.

ஒரே ஒரு ஆறுதல் மிச்சமிருந்தது. ஆப்ரினுக்குப் புடலை வரவில்லை. போட்ட விதை அழுகியது. மறுபடி போட்டது முளைத்து, நாலு இலை விட்டு, சுருண்டு செத்தது. ஐலீன் அதைத் தினமும் காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்து, பார்த்த திருப்தியோடு காப்பி குடித்தாள்.

அந்த வருஷம் நோன்புப் பெருநாள் ஈஸ்டருக்கு முந்தியே வந்தது. நோன்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, மதிய வெயிலில், ஆப்ரின் வேலிக்கு வந்து நின்றாள். உதடு காய்ந்திருந்தது.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கணும். புடலங்காய் மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது. எல்லாரும் உங்ககிட்டதான் கேக்கச் சொல்றாங்க. எனக்கு ஒரு நாள் பாத்துச் சொல்லுங்களேன்."

எல்லாரும் உங்களிடம்தான் கேட்கச் சொல்கிறார்கள். வேறொரு நாளாயிருந்தால் இந்த வார்த்தை ஐலீனைக் குளிரவைத்திருக்கும். இவ்வளவு காலமும் எதிர்பார்த்ததே இதைத்தான். புனித வாரம் வரை பொறு, வளர்பிறை முற்றும்போது போடு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கண் ஆப்ரினைத் தாண்டிப் போய் அந்தக் கத்தரிப் பாத்திமேல் விழுந்தது. புடலையும் போய்விட்டால் தனக்கு என்ன இருக்கிறது என்ற நினைப்பு வந்தது.

"நோன்பு கடைசி நாளு போடு" என்றாள்.

ஆப்ரின் யோசித்தாள். "அன்னைக்கு நிலாவே இருக்காதே ஆன்ட்டி? அன்னைக்குச் சாயங்காலம்தானே பிறை பாப்பாங்க. இருட்டு நாள்ல நீங்க விதையத் தொடமாட்டீங்கன்னு புஷ்பவள்ளி ஆன்ட்டி சொன்னாங்களே."

அலமாக்! விவரமாகத்தான் கேட்கிறாள். ஐலீன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அது மத்ததுக்கு. புடலைக்கு வேற கணக்கு."

"அப்படியா ஆன்ட்டி" என்று ஆப்ரின் அப்படியே நம்பினாள். "நல்லவேளை கேட்டேன். இல்லன்னா திங்கக்கெழம போட்டிருப்பேன்."

நோன்பின் கடைசி நாள் சாயங்காலம் ஐலீன் சமையலறை ஜன்னலோரம் நின்று பார்த்தாள். ஆப்ரின் அன்றைக்கும் பட்டினியோடு குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. இரண்டு தரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஜன்னலில் ஐலீனைப் பார்த்ததும் மண் ஒட்டிய கையைத் தூக்கி ஆட்டினாள். ஐலீனும் பதிலுக்குக் கையை ஆட்டினாள். அப்போதே ஓடிப்போய், "வேணாம்மா, விடு" என்று சொல்லியிருக்கலாம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். மறுநாள் பெருநாள் பிரியாணி ஒரு பெரிய சட்டியில் வந்தது. ரபேல் ருசித்துச் சாப்பிட்டார். ஐலீனும் சாப்பிட்டாள்; வயிறு நிறைய வெட்கத்தை வைத்துக்கொண்டு அதன்மேலேயே பிரியாணியையும் போட்டு அமுக்கினாள்.

புனித வாரத்தில், நிலா ஏறக்குறைய முழுதாக நிற்கும்போது, ஐலீன் தன் விதைகளை ஊறவைத்துப் போட்டாள். நாள் சரி, மண் சரி, பந்தலும் புதுசு. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டுதான் முதல் விதையை இறக்கினாள்.

அதற்குள் மூலை வீட்டு விதை அத்தனையும் முளைத்து நின்றது.

அழுகும் என்று காத்திருந்தாள். அழுகவில்லை. இலை சுருளும் என்றிருந்தாள். கொடி பந்தலைப் பிடித்து ஏறிப் படர்ந்தது. மே மாத ஆரம்பத்தில் பந்தல் முழுக்க வெள்ளைப் பூ. சாயங்காலமானால் அந்தப் பூக்கள் நூல் நூலாக விரிந்து நிற்பதைப் பார்க்க வரிசையே வந்தது. ஐலீன் வரவில்லை. ஜன்னல் இருந்தது. ஐலீன் கொடியில் பூ எடுக்கும் சமயம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சரியாகப் பூ விரிகிற நேரத்துக்கு, தினமும், இடியோடு. காலையில் எழுந்து போனால் மண்ணெல்லாம் பூவாகக் கொட்டிக் கிடக்கும். தப்பித்த நாலைந்து பிஞ்சையும் ஈ குத்தி மஞ்சளாக்கியது. ஆப்ரின் வீட்டிலோ காய்கள் நுனியில் கட்டின கல்லோடு, ஆளுயரத்துக்கு, நேர்நேராகத் தொங்கின.

ஐலீனுக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று அவளுக்கே புரியவில்லை. ஆப்ரின்மேலா, மழைமேலா, இவ்வளவு காலம் கூடவே வந்துவிட்டு இப்படிக் கழுத்தறுத்த நிலாமேலா? பொய் சொல்லிக் கொடுத்த நாள் காய்க்கிறது, சாமி கும்பிட்டுப் போட்ட நாள் கொட்டுகிறது என்றால் இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் தான் சொன்னது என்ன? அந்தக் கேள்வியை நினைக்காமல் இருப்பதற்காகவே களை இல்லாத இடத்திலும் களை பிடுங்கினாள்.

திருநாள் காலையில் பின்கதவு தட்டப்பட்டது. ஆப்ரின் இரண்டு பெரிய கூடையோடு நின்றாள். நீளக் காய்களை ஒடியாமல் துணி சுற்றி அடுக்கியிருந்தாள்.

"ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க. கோயில் சாப்பாட்டுக்கு வருஷா வருஷம் நீங்கதான் குடுப்பீங்களாமே. இந்த வருஷம் மழையில உங்களுக்கு எல்லாம் கொட்டிப்போச்சுன்னு அங்கிள் சொன்னாரு. இது நீங்க சொன்ன நாள்ல போட்டதுதான். உங்க காயின்னே வச்சுக்குங்க."

வேண்டாம் என்று சொல்ல ஐலீன் வாய் எடுப்பதற்குள், "ரொம்ப நன்றிம்மா" என்று ரபேல் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்துவிட்டார்.

கோயில் கூடத்தில் கிறிஸ்டின் கரண்டியோடு நின்றிருந்தாள். "ஐலீன் புடலங்காய் வந்துருச்சா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வந்துருச்சு" என்றாள் ஐலீன். வருஷம் முழுக்கக் காத்திருந்த நிமிஷம் அது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் விஷயம் உடைந்தது. உடைத்தது புஷ்பவள்ளி. அவள் முருகன் கோயிலுக்கும் போவாள், அந்தோணியாருக்கும் மெழுகுத்திரி ஏற்றுவாள். எங்கே போனாலும் வாயைக் கூடவே கொண்டுபோவாள்.

"இது ஆப்ரின் வீட்டுக் காயி தெரியுமா?" என்றாள் கூட்டை வழித்துக்கொண்டே. ஐலீன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "ஆனா நாள் குடுத்தது நம்ம ஐலீன்தான். அந்தப் புள்ள வீடு வீடா சொல்லிக்கிட்டு வருது. தனக்கு இல்லாம அடுத்தவளுக்கு எடுத்துக் குடுக்க எவளுக்கு மனசு வரும், சொல்லுங்க லா."

கிறிஸ்டின் நெஞ்சில் கை வைத்தாள். "அந்த ரகசிய நாளையே குடுத்தீங்களா, ஐலீன்? நான் இத்தன வருஷமா கேக்கிறேன், எனக்குக்கூடப் புனித வாரம்னுதான் சொன்னீங்க."

"புடலைக்கு வேற கணக்காம்" என்றாள் புஷ்பவள்ளி பெருமையாக. "இருட்டு நாள்ல போடணுமாம்."

அதற்குப் பிறகு பந்தியில் வேறு பேச்சே இல்லை. அடுத்த இருட்டு நாள் எப்போது, ஒரு குழிக்கு எத்தனை விதை, ஐலீன் சொல்லுங்க, ஐலீன் சொல்லுங்க என்று ஆளாளுக்குப் பிடுங்கினார்கள். இதுவரை யாரும் அவளை இப்படித் தலையில் தூக்கிவைத்து ஆடியதில்லை. கூட்டு அவள் இலையில் அப்படியே இருந்தது.

சாயங்காலம் காலிக் கூடைகளை எடுத்துக்கொண்டு மூலை வீட்டுக்குப் போனாள். ஆப்ரின் பின்பக்கம் குழாயடியில் கீரை அலசிக்கொண்டிருந்தாள். ஐலீன் உட்காரவில்லை.

"ஆப்ரின், நான் சொல்றதக் கேளு. அந்த நாளு நான் பொய்யாச் சொன்னது. இருட்டு நாள்ல எதையும் போடக்கூடாது. புடலைக்கு வேற கணக்குன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. உனக்கு வரக்கூடாதுன்னுதான் சொன்னேன்."

ஆப்ரின் குழாயை மூடினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"போங்க ஆன்ட்டி. கண்ணு பட்டுடும்னு பயந்துட்டீங்கல்ல? இன்னைக்கு எல்லாரும் ரொம்பப் புகழ்ந்துட்டாங்களா? எங்க மாமியும் இப்படித்தான். பிரியாணி நல்லாருக்குன்னு யாராச்சும் சொன்னா போதும், உப்பு கூடிருச்சு, அரிசி குழஞ்சிருச்சும்பாங்க."

"இல்லம்மா, நெசமாத்தான். எனக்கு உன் மேல பொறாமை. நீ வந்த நாள்லேருந்து."

சொல்லிவிட்டாள். வாழ்நாளில் யாரிடமும் சொல்லாத வார்த்தை. திட்டு விழும் என்று நின்றாள். விழுந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"என் மேலயா?" ஆப்ரின் ஈரக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்குத்தான் ஆன்ட்டி உங்க மேல பொறாமை. வந்த புதுசுல தினமும் உங்க வேலிய எட்டி எட்டிப் பாப்பேன். இந்த மாதிரி ஒரு நாளாச்சும் போடணும்னு இவர்கிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன். வேணும்னா கேட்டுப் பாருங்க." பிறகு, அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதுபோல, அலசிய கீரையில் பாதியைப் பிரித்து ஐலீன் கையிலிருந்த கூடையில் வைத்தாள். "இருங்க, டீ போடுறேன்."

ஐலீன் டீக்கு நிற்கவில்லை.

வீட்டில் ரபேல் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "போய்ச் சொல்லிட்டியா?" என்று கேட்டார். ஆக, இவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்தும் வாயைத் திறக்காத மனுஷரை என்ன செய்வது என்று அவளுக்கு வேறு நாளாயிருந்தால் கோபம் வந்திருக்கும்.

"சொன்னேன். நம்ப மாட்டேங்குறா."

"அப்புறம் என்ன? விடு."

"எப்படிங்க விடுறது?" ஐலீன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. "அவளுக்கும் பொறாமையாம். சிரிச்சுக்கிட்டே சொல்றா. சொல்லிட்டு உடனே கீரையும் குடுக்குறா. எனக்கு ஏங்க அப்படி வரல? அவ நிலத்தப் பாத்து எரிஞ்சேன், காயப் பாத்து எரிஞ்சேன். அதெல்லாம் ஒண்ணுமே இல்லங்க. இப்ப அவ மனசப் பாத்து எரியுது பாருங்க, இதான் எரிச்சல்."

ரபேல் டிவியை அணைத்தார். அவள் அழுகிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.